தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாச்சு, டேபிளைக் காணோம்: பல டேட்டாபேஸில் ஓடும் டூல்களுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

"எல்லா டேட்டாபேஸிலும் ஓடும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்" என்று போட்டிருந்த டூலை இறக்கி, நம் மெஷினில் நாலு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓட்டிப் பார்த்து, சரி நல்லாத்தான் இருக்கு என்று டீம் முழுக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவது வாரம் சர்வரில் ஏற்றும்போது விழி பிதுங்கி நின்ற அனுபவம் எனக்கு ஒன்றுக்கு மேல் உண்டு. அந்த விளம்பரத்தில் "ஓடும்" என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் "கனெக்ட் ஆகும்" என்று மட்டும்தான் பொருள். கனெக்ட் ஆன பிறகு நடப்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

அதனால் டூலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத் தலைகீழாகச் சொல்லப் போகிறேன். என்ன கோளாறு வரும், அது எங்கிருந்து வருகிறது, அதைக் கண்டுபிடிக்க டூல் உதவுமா அல்லது மறைக்குமா என்று பாருங்கள். டேட்டாபேஸ்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மூடி மறைக்கிற டூலைவிட, தான் அனுப்பும் எஸ்கியூஎல்லை (குவெரி எழுதும் மொழி) அப்படியே காட்டுகிற டூல்தான் ராத்திரி பதினொரு மணிக்குக் கை கொடுக்கும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு சோதனை. அந்தந்த டேட்டாபேஸோடு வரும் கமாண்ட் லைன் கிளையன்ட் இருக்கிறது அல்லவா, போஸ்ட்கிரெஸுக்கு பிஎஸ்கியூஎல், ஆரக்கிளுக்கு எஸ்கியூஎல் பிளஸ், எஸ்கியூஎல் சர்வருக்கு எஸ்கியூஎல்சிஎம்டி, அதில் அதே குவெரியை ஓட்டுங்கள். அங்கேயும் உதைத்தால் டூல் நிரபராதி. அங்கே ஓடி இங்கே ஓடாவிட்டால் டிரைவரையோ (டூலை டேட்டாபேஸோடு இணைக்கும் இடைநிலை மென்பொருள்) டூலையோ பிடியுங்கள். இதைச் செய்யாமல் டூலை அழித்து மறுபடி நிறுவி அரை நாளைத் தொலைத்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

கனெக்ஷனே கிடைக்கவில்லை

விண்டோஸில் ஓடிபிசி (ஆப்களை டேட்டாபேஸ்களோடு இணைக்கும் பொது முறை) வழியாகப் போகிறவர்களுக்கு வரும் எரர் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஐஎம்002 வந்தால் அந்தப் பெயரில் டேட்டா சோர்ஸே (சேமித்து வைத்த கனெக்ஷன் அமைப்பு) இல்லை என்று அர்த்தம். ஐஎம்014 வந்தால் டேட்டா சோர்ஸ் இருக்கிறது, ஆனால் டிரைவர் 32 பிட், ஆப் 64 பிட், அல்லது மாறி. இதில் ஒரு வேடிக்கை, ஓடிபிசி அமைப்புத் திரை விண்டோஸில் இரண்டு இருக்கும், இரண்டுக்கும் ஃபைல் பெயர் ஒன்றே. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட். பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க முடியாது. பழைய எக்செல் 32 பிட்டாக இருந்தால் டேட்டா சோர்ஸையும் அந்த 32 பிட் திரையில்தான் சேர்க்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் 8-க்கு மாறிய பிறகு பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பழைய டூல் உள்ளே போகாவிட்டால், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையே மாறிவிட்டது காரணம். 8.0-இல் கேஷிங் ஷா2 என்ற முறை இயல்பாக வந்தது. பழைய நேட்டிவ் முறை 8.4-இல் இயல்பாகவே அணைக்கப்பட்டு, 9.0-இல் எடுத்தே விடப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய பதில்கள் எல்லாம் "யூசரைப் பழைய முறைக்கு மாற்று" என்றுதான் சொல்லும், இனி அது செல்லாது, டிரைவரைப் புதுப்பியுங்கள். ஜாவா டிரைவர் "பப்ளிக் கீயை வாங்க அனுமதி இல்லை" என்று சொன்னால் அது வேறு. கனெக்ஷன் அமைப்பில் அதற்கு ஒரு ஆம்/இல்லை இருக்கிறது, உங்கள் சொந்த மெஷினில் மட்டும் ஆம் என்று வைத்துக்கொண்டு, சர்வருக்கு டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய கனெக்ஷன்) போட்டுவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் இன்னொன்று. லினக்ஸிலும் மேக்கிலும் "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்தால் அதன் கிளையன்ட் நெட்வொர்க் வழியாகவே போகாது, சாக்கெட் ஃபைலைத் தேடும். டேட்டாபேஸ் டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் சாதனம்) இருந்தால் அந்த ஃபைல் வெளியே இருக்காது, 2002 என்ற எரர் வரும். 127.0.0.1 என்று எண்ணில் கொடுங்கள், முடிந்தது.

ஆரக்கிளில் 12505 வந்தால் எஸ்ஐடி (ஓடும் டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸின் பெயர்) தப்பு, 12514 வந்தால் சர்வீஸ் நேம் (கனெக்ட் ஆக வெளியே காட்டும் பெயர்) தப்பு. ஜாவா கனெக்ஷன் முகவரியில் எஸ்ஐடிக்கு முன்னால் முக்காற்புள்ளி, சர்வீஸ் நேமுக்கு முன்னால் சாய்கோடு. டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) கொடுத்த பெயர் இவற்றில் எது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், யூகிக்க வேண்டாம்.

எம்1 பிராசசரிலிருந்து தொடங்கி வந்த மேக்கில் மைஎஸ்கியூஎல் 5.7 டாக்கர் இமேஜை இழுத்தால் "உங்கள் பிராசசருக்கு இமேஜ் இல்லை" என்று வரும். ஆர்ம் பிராசசருக்கு அந்தப் பதிப்பு அதிகாரப்பூர்வமாகக் கட்டப்படவில்லை. ஏஎம்டி64 என்று பிளாட்ஃபார்மைக் குறிப்பிட்டு ஓட்டலாம், மெதுவாக ஓடும்.

தமிழ் சரியாகத் தெரியவில்லை

இதை ஒரே கோளாறு என்று நினைப்பதுதான் முதல் தப்பு. திரையில் என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள், மூன்று விதம் உண்டு.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். அந்த எழுத்தைக் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் தமிழாக வரும்.

இரண்டாவது, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட டிரேட்மார்க் மாதிரிக் குறியும் திரும்பத் திரும்ப வருவது. இது யுடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்தை பைட்டாக்கும் முறை) தமிழை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறை) என்று நினைத்துப் படித்ததன் அடையாளம். தமிழ் எழுத்துகள் யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டே இரண்டில் ஒன்று. அதனால்தான் அந்தக் குறிகள் அப்படித் தாளம் தவறாமல் வருகின்றன. தரவு பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், கனெக்ஷனின் கேரக்டர் செட்டை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் இந்த நிலையில் யாராவது திரையைப் பார்த்துப் பதறி, திருத்திச் சேமித்துவிட்டால் குப்பை நிஜக் குப்பையாக உள்ளே போய்விடும். முதலில் யாரையும் தொடவிடாதீர்கள்.

மூன்றாவது, கேள்விக்குறிகள். "முருகன்" இருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறி. டேபிளிலேயே அப்படி இருந்தால் தரவு போய்விட்டது, மீட்க வழியில்லை, பேக்கப்பைத் தேடுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் இது மிகச் சாதாரணம். ஃபீல்டை என்-வார்ச்சார் (யுனிகோடு எழுத்துக்கான வகை) என்று சரியாகவே வைத்திருப்பார்கள், ஆனால் எஸ்கியூஎல்லில் மேற்கோள் குறிக்கு முன்னால் பெரிய என் எழுத்தைப் போட மறந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் சர்வர் அந்தச் சரத்தை முதலில் பழைய கோட்பேஜுக்கு (யுனிகோடுக்கு முந்தைய எழுத்துப் பட்டியல்) மாற்றும், அங்கே தமிழுக்கு இடமில்லை, யுனிகோடு குறிக்கு ஒன்றாகக் (உகரக் குறியும் புள்ளியும் தனித்தனி) கேள்விக்குறியாக்கிவிட்டுத்தான் என்-வார்ச்சாரில் வைக்கும். சரத்தை ஒட்டிக் குவெரி கட்டும் டூல்களை நான் ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம், மதிப்பைத் தனியே பாராமீட்டராக அனுப்பினால் இந்தத் தொல்லையே வராது.

மைஎஸ்கியூஎல்லில் வேறு கதை. அதில் "யுடிஎஃப்8" என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது உண்மையில் 3 பைட் வரை மட்டுமே பிடிக்கும். தமிழ் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரியாது, ஒரு நாள் வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ இமோஜியைப் போடுவார், 1366 என்ற எரர் வரும். இமோஜி 4 பைட். இமோஜி மட்டுமல்ல, 2019-இல் யுனிகோடு 12-இல் சேர்த்த மா, காணி, முந்திரி போன்ற பழைய தமிழ் பின்னக் குறிகளும் 4 பைட்தான், கல்வெட்டு, ஓலைச்சுவடி வேலை செய்கிறவர்கள் கவனிக்கவும். யுடிஎஃப்8எம்பி4-க்கு மாறுங்கள். மாறும்போது பழைய சர்வரில் 1071 எரர் வந்து இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) நீளம் போதவில்லை என்றால், அங்கே வரம்பு 767 பைட், 255 எழுத்தை மூன்றால் பெருக்கினால் 765, நாலால் பெருக்கினால் 1020. பல ஃபிரேம்வொர்க்குகளில் திடீரென்று 191 என்ற விநோத எண்ணைப் பார்த்திருப்பீர்களே, அது இந்தக் கணக்கில் வந்ததுதான்.

மைஎஸ்கியூஎல் 8-இல் எடுத்த டம்பை (டேட்டாபேஸை எஸ்கியூஎல் ஃபைலாக எடுத்த நகல்) பழைய மரியாடிபியில் (மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்) ஏற்றும்போது 1273 வந்து "இந்தக் கொலேஷனைத் (எழுத்தை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) தெரியாது" என்றால், டம்ப் ஃபைலில் 0900 என்று வரும் கொலேஷன் பெயரைத் தேடி, மரியாடிபிக்குத் தெரிந்த யுனிகோடு கொலேஷனாக மாற்றி ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று டூல்கள் நம்மை நம்பவைக்கின்றன. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன.

பெயர் சின்னதுதான், ஆனால் இடம் போதவில்லை என்கிறது

இது ஆரக்கிளில் எனக்கு நேர்ந்தது. ஃபீல்டு 30. பெயர் "முத்துலட்சுமி". விரலை மடக்கி எண்ணினால் மு, த், து, ல, ட், சு, மி, ஏழே எழுத்து. எரர் 12899, கூடவே அதுவே சொல்கிறது: வந்தது 39, அதிகபட்சம் 30. எங்கிருந்து வந்தது 39? யுனிகோடில் மு என்பது ம-வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு, த் என்பது த-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. இப்படிக் கூட்டினால் 13. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 39. ஆரக்கிளில் வார்ச்சார்2-க்குப் போடும் எண் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பைட் கணக்கு. டேபிள் உருவாக்கும்போதே எண்ணுக்குப் பக்கத்தில் "சார்" என்று சேர்த்துவிட்டால் யுனிகோடு கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் யுனிகோடு கணக்கில் 13 என்று எண்ணும். எஸ்கியூலைட் எண்ணவே எண்ணாது, 30 என்று போட்டாலும் 3000 எழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆக, எஸ்கியூலைட்டில் எழுதிச் சோதித்த ஆப்பை ஆரக்கிளில் ஏற்றினால் இந்த எரர் வந்தே தீரும். டேபிள் அமைப்பை ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் டூலைச் சோதிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், அது வெறும் 30 என்று எழுதுகிறதா, "30 சார்" என்று எழுதுகிறதா என்று.

தேடினால் கிடைக்கவில்லை, கண்ணெதிரே இருக்கிறது

கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் "கொ"-வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது க-வோடு எகரக் குறி, பிறகு தனியாகக் கால். யுனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, டேட்டாபேஸ் பைட்டை ஒப்பிட்டால் சமமில்லை. போஸ்ட்கிரெஸ் 13-இல் இருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, உள்ளே வரும்போதே அதில் போட்டு எடுத்துவிடுங்கள். இதைவிட மோசமானது "கௌ". பலர் எகரக் குறியும் பக்கத்தில் ள எழுத்தும் தட்டிவிடுவார்கள், பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் இதை எந்த நார்மலைஸும் சரிசெய்யாது, அது யுனிகோடுக்கு வேறு சொல். "கௌரி" என்ற பெயரில் மூன்று வாடிக்கையாளர் கணக்கு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆங்கிலப் பெயர் என்றால் வேறு காரணம். மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் இரண்டும் இயல்பாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் பார்க்கும். மைஎஸ்கியூஎல்லில் இருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறிய மறுநாளே "லாகின் ஆகவில்லை" என்று பாதிப் பேர் ஃபோன் செய்வது மின்னஞ்சலின் முதல் எழுத்தைப் பெரிதாகத் தட்டியதால்.

டேபிளே இல்லை என்கிறது

மேக்கிலோ விண்டோஸிலோ எழுதி, லினக்ஸ் மைஎஸ்கியூஎல்லில் 1146 வந்தால், டேபிள் பெயரின் எழுத்து அளவைப் பாருங்கள். லினக்ஸில் பெரியதும் சின்னதும் வேறு வேறு டேபிள், விண்டோஸிலும் மேக்கிலும் ஒன்றே. இதற்கான சர்வர் அமைப்பை 8.0-இல் முதல்முறை நிறுவும்போது மட்டும்தான் மாற்ற முடியும், பிறகு முடியாது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வைத்து, சொற்களுக்கிடையே அடிக்கோடு போட்டுவிடுங்கள். ஸ்டைல் பற்றிச் சண்டை போட டீமில் யாராவது வருவார்கள், இந்த எரரைக் காட்டுங்கள்.

போஸ்ட்கிரெஸில் மேற்கோள் இல்லாத பெயரை எல்லாம் சின்ன எழுத்தாக்கும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கும். அதனால் ஆரக்கிளிலிருந்து மாற்றித் தரும் சில டூல்கள் பெயர்களை மேற்கோளுக்குள் பெரிய எழுத்திலேயே வைத்துவிடும், அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு குவெரியிலும் மேற்கோள் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாற்றும் டூலில் "பெயர்களைச் சின்ன எழுத்தாக்கு" என்ற வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்

இது எனக்குப் பிடித்த கோளாறு, யாரும் உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள். முன்பெயரையும் பின்பெயரையும் || போட்டு ஒட்டியிருப்பார்கள். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூலைட்டில் அது ஒட்டும் குறி. மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக அதற்கு "அல்லது" என்று பொருள். பெயரை எண்ணாக்கிப் பார்த்து, எண் இல்லை என்று முடிவு செய்து, 0 என்று தரும். எரர் இல்லை, எச்சரிக்கையைப் பார்க்க யாருக்கும் பழக்கமில்லை, அச்சடித்த பில்லில் "திரு. 0" என்று வந்த பிறகுதான் தெரியும். கான்கேட் ஃபங்ஷனுக்கு மாறுங்கள்.

அதே ஒட்டலில் பெயர் முழுக்கவே காணாமல் போனால் அது போஸ்ட்கிரெஸோ எஸ்கியூலைட்டோ, நடுவில் ஒரு நல் (மதிப்பே இல்லை என்பதற்கான அடையாளம்) இருந்திருக்கும், நல்லோடு எதை ஒட்டினாலும் நல். ஆரக்கிளில் அப்படி ஆகாது. ஆனால் ஆரக்கிளில் வெற்றுச் சரமே நல்தான், இனிஷியல் வெறுமையாக இருப்பவர்களைத் தேடு என்று '' போட்டுக் கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

இந்த மாதிரி இடங்களில்தான் ஓஆர்எம் (கோடிலிருந்து எஸ்கியூஎல்லைத் தானே எழுதி அனுப்பும் லைப்ரரி) வேண்டுமா என்ற கேள்வி வருகிறது. எஸ்கியூஎல்ஆல்கெமி, ஹைபர்னேட், ஜாங்கோ எல்லாம் இந்த ஒட்டல், முதல் பத்து வரிசையை மட்டும் எடு என்பது போன்றவற்றை டேட்டாபேஸுக்குத் தக்கபடி மாற்றித்தான் அனுப்பும். உதாரணமாக லிமிட் என்ற சொல் எஸ்கியூஎல் சர்வரில் கிடையாது, அங்கே டாப், அல்லது 2012 பதிப்பிலிருந்து ஆஃப்செட் ஃபெட்ச். ஆரக்கிளில் 12சி வருவதற்கு முன்னால் ரோநம் என்ற வரிசை எண்ணை வைத்துக் கழைக்கூத்தாட வேண்டும். ஆனால் ரிப்போர்ட்டுக்கென்று கையால் எழுதிய எஸ்கியூஎல் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும், ஓஆர்எம் அதைத் தொடாது, கோளாறும் அங்கேதான் வரும். அதனால் லாகில் உண்மையான எஸ்கியூஎல்லைக் காட்டாத ஓஆர்எம்மை நான் எடுப்பதில்லை.

டூலில் நொடியில் வருகிறது, ஆப்பில் நிமிடம் ஆகிறது

எஸ்கியூஎல் சர்வரும் ஜாவாவும் என்றால், டிரைவர் சரங்களை இயல்பாக யுனிகோடாக அனுப்புகிறது. ஃபீல்டு சாதாரண வார்ச்சாராக இருந்தால் ஒப்பிடுவதற்கு முன் ஃபீல்டையே மாற்ற வேண்டிவரும், இன்டெக்ஸ் இருந்தும் முழு டேபிளையும் துழாவும். ஃபீல்டை என்-வார்ச்சாராக்குங்கள். டிரைவரில் அந்த இயல்பை அணைக்கவும் முடியும், ஆனால் தமிழ் ஃபீல்டு ஒன்றாவது இருந்தால் அதைச் செய்யாதீர்கள், மறுபடி கேள்விக்குறி.

மாற்றி ஏற்றியாச்சு, புது வரிசை மட்டும் சேர மாட்டேன் என்கிறது

போஸ்ட்கிரெஸில் 23505, ஏற்கெனவே அந்த எண் இருக்கிறது என்கிறது. பழைய தரவை ஐடி எண்ணோடு சேர்த்து ஏற்றியிருப்பீர்கள், ஆனால் அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் இன்னும் 1-இல் நிற்கிறது. ஒவ்வொரு முறை முயலும்போதும் 2, 3 என்று நகர்வதால் சில சமயம் தானாகச் சரியானது போலவும் தோன்றும். செட்வால் போட்டு டேபிளின் மிகப் பெரிய ஐடிக்கு நகர்த்துங்கள், எல்லா டேபிளுக்கும். பிஜிலோடர் (தரவை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றித் தரும் டூல்) இதைத் தானே செய்துவிடுகிறது.

வரிசை தாறுமாறாக வருகிறது

நல் உள்ள வரிசைகள் ஒரு டேட்டாபேஸில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் வந்தால் பதற வேண்டாம். ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் நல்லைக் கடைசியில் வைக்கும், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் முதலில் வைக்கும்.

தமிழ் அகர வரிசை தப்பாக வந்தால், டேட்டாபேஸ் யுனிகோடு எண் வரிசையில் அடுக்குகிறது. யுனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருக்கிறது, நம் நெடுங்கணக்கில் அதுதான் கடைசி மெய். அதனால் கமலாவுக்குப் பின்னால் வரவேண்டிய கனகா முன்னால் வந்துவிடுவாள். புள்ளியும் அப்படித்தான், அகராதியில் ண் முதலில், பிறகு ண, எனவே கண்ணனுக்கு அப்புறம்தான் கணேசன். எண் வரிசையில் கணேசன் முந்திக்கொள்வார். போஸ்ட்கிரெஸ் 10-இல் இருந்து ஐசியு (யுனிகோடு வரிசை விதிகள் அடங்கிய லைப்ரரி) கொலேஷன் உண்டு, "டிஏ-எக்ஸ்-ஐசியு" என்பது தமிழுக்கானது, ஆர்டர் பை-யில் அதைச் சேர்த்தால் சரியாக வரும். டூலைச் சோதிக்க நான் கையில் வைத்திருக்கும் தரவில் கமலா, கனகா, கண்ணன், கணேசன், முத்துலட்சுமி, ஒரு இமோஜி, இரண்டு விதமான கொ எல்லாம் எப்போதும் உண்டு.

இதிலேயே ஆபத்தான ஒன்று இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஓஎஸ்ஸின் வரிசை விதியைத்தான் பயன்படுத்தும். 2018-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.28-இல் அந்த விதி மாறியது. டேட்டாபேஸ் ஃபைல்களை அப்படியே வைத்துக்கொண்டு டெபியன் 9-இலிருந்து 10-க்கோ, ரெட்ஹாட் 7-இலிருந்து 8-க்கோ போனால், பழைய விதியில் கட்டிய இன்டெக்ஸில் புதிய விதியில் தேடுவார்கள். இருக்கிற பெயரை இல்லை என்று சொல்லும், தனித்துவமாக இருக்க வேண்டிய ஃபீல்டில் இரட்டை புகுந்துவிடும். டெபியன் டாக்கர் இமேஜிலிருந்து ஆல்பைனுக்குத் தரவு ஃபோல்டரை மாற்றினாலும் இதே கதி, அங்கே சி லைப்ரரியே வேறு. சரம் உள்ள இன்டெக்ஸ்களை ரீஇன்டெக்ஸ் செய்யுங்கள். டம்ப் எடுத்து ஏற்றியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இன்டெக்ஸ் புதிதாகவே கட்டப்படுகிறது.

நேரம் தள்ளிப்போகிறது

வித்தியாசம் சரியாக 5:30 மணி நேரமா? இந்தியாவோ இலங்கையோ, எங்கோ ஒரு முறை மாற்ற மறந்திருக்கிறார்கள். 11 மணி நேரமா? இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள், டிரைவர் ஒரு தடவை, ஆப் ஒரு தடவை. சிங்கப்பூர், மலேசியா என்றால் 8, 16 என்று படித்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஒரு கடைக்கு எழுதிய பில்லிங் ஆப்பில் மாதக் கணக்கு எப்போதாவது இடிக்கும், மற்ற நாள் கணக்கெல்லாம் சரியாக இருக்கும். ராத்திரி 12-இலிருந்து 5:30-க்குள் பில் போடுவது தீபாவளி சமயத்தில் மட்டும்தான், அந்த பில்கள் யுடிசியில் (உலகப் பொது நேரம்) முந்தைய தேதிக்குப் போய், மாத முதல் நாளாக இருந்தால் முந்தைய மாதத்துக்கே போய்விட்டன. காரணம், என் லேப்டாப்பில் இந்திய நேரம், டாக்கர் கன்டெய்னரில் இயல்பாக யுடிசி.

மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் உள்ளே யுடிசியாக வைத்து, கேட்கும் கனெக்ஷனின் நேரத்துக்கு மாற்றித் தரும், ஆனால் 2038 ஜனவரி வரைதான் பிடிக்கும். டேட்டைம் கொடுத்ததை அப்படியே வைக்கும். எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகையே இல்லை, அதன் "இப்போது" யுடிசி. டூலின் கனெக்ஷனிலும் ஆப்பின் கனெக்ஷனிலும் தனித்தனியாக "இப்போது மணி என்ன" என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கும். நேர மண்டலத்தை ஐஎஸ்டி என்று சுருக்கி எழுதாதீர்கள், இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதுவே சுருக்கம், மைஎஸ்கியூஎல்லின் ஜாவா டிரைவர் குழம்பி நின்றிருக்கிறது. ஏசியா/கொல்கத்தா என்று முழுசாக எழுதுங்கள்.

மைக்ரேஷன் பாதியில் நின்றது

மைக்ரேஷன் என்றால் டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட். போஸ்ட்கிரெஸில் டேபிள் அமைப்பு மாற்றமும் டிரான்சாக்ஷனுக்குள் (முழுசாக நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது என்ற தொகுப்பு) அடங்கும், தோற்றால் பழைய நிலைக்கே போய்விடும். மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் அப்படி இல்லை, ஒவ்வொரு மாற்றமும் உடனே நிலைத்துவிடும். ஐந்து மாற்றத்தில் மூன்றாவது தோற்றால் முதல் இரண்டும் உள்ளே. மறுபடி ஓட்டினால் "அந்த ஃபீல்டு ஏற்கெனவே இருக்கிறது" என்று வேறு இடத்தில் தோற்கும். அந்த இரண்டையும் கையால் பின்வாங்கிவிட்டு, ஃப்ளைவே (மைக்ரேஷனை ஓட்டும் டூல்) என்றால் பிறகு ரிப்பேர் கட்டளை கொடுங்கள். ரிப்பேர் அதன் வரலாற்று டேபிளைத்தான் சரிசெய்யும், உங்கள் டேபிளை அல்ல, பெயர் ஏமாற்றுகிறது. அப்புறம், ஒரு மைக்ரேஷன் ஃபைலுக்கு ஒரே மாற்றம் என்று வைத்துக்கொண்டால் இந்த வேலையே குறையும்.

லிக்விபேஸ் (இதே வேலைக்கான இன்னொரு டூல்) "பூட்டுக்காகக் காத்திருக்கிறேன்" என்று அசையாமல் நின்றால், முந்தைய ஓட்டம் நடுவில் செத்துப்போய்ப் பூட்டு விடுபடாமல் இருக்கிறது. வேறு யாரும் உண்மையிலேயே ஓட்டிக்கொண்டிருக்கவில்லை என்று டீமில் கேட்டுவிட்டு ரிலீஸ் லாக்ஸ் கொடுங்கள்.

டெஸ்ட் எல்லாம் பாஸ், சர்வரில் மட்டும் வெடிக்கிறது

டெஸ்டை எஸ்கியூலைட்டில் ஓட்டி, சர்வரில் போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கிறீர்கள், சரிதானே? எஸ்கியூலைட் அருமையான சாதனம், நான் தினமும் பயன்படுத்துகிறேன், ஆனால் அது போஸ்ட்கிரெஸுக்கு டூப் போட முடியாது. ஃபாரின் கீ கட்டுப்பாட்டை (ஒரு டேபிள் சுட்டும் ஐடி இன்னொரு டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற விதி) ஒவ்வொரு கனெக்ஷனிலும் நாமே பிராக்மா என்ற கட்டளை கொடுத்து ஆன் செய்ய வேண்டும். எண் ஃபீல்டில் எழுத்தை வாங்கிக்கொள்ளும், 3.37-இல் வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள் என்று சொன்னால்தான் மறுக்கும். இரட்டை மேற்கோளுக்குள் ஃபீல்டு பெயரைத் தப்பாகத் தட்டினால், அப்படி ஃபீல்டு இல்லை என்று சொல்லாமல் அதைச் சரமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸ் அதே இடத்தில் 42703 என்று கத்தும். கத்துவதுதான் நமக்கு வேண்டும்.

டாக்கரில் சர்வரில் இருக்கும் அதே பதிப்பைத் தூக்கி அதில் டெஸ்டை ஓட்டுங்கள். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் மாதிரி லைப்ரரிகள் ஏற்றி இறக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் மெதுவாக ஓடும், டீ குடிக்கப் போகலாம்.

ஸ்கிரிப்ட் இருக்கிறது, இல்லை என்கிறது லினக்ஸ்

விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டின் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறது. டாக்கர் "அப்படி ஃபைல் இல்லை" என்று சாதிக்கும், ஃபைல் கண்ணெதிரே இருக்கும். கிட் (கோடின் பதிப்புகளைக் காக்கும் சாதனம்) ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் (லினக்ஸ் வரி முடிவு) என்று ஒரு வரி சேர்த்து, ஃபைலை மறுபடி செக்அவுட் செய்யுங்கள்.

டூலையே நிறுத்திவிட்டார்கள்

இதுவும் நடக்கும். மேக், லினக்ஸில் எஸ்கியூஎல் சர்வருக்கென்று பலரும் நம்பியிருந்த அஸூர் டேட்டா ஸ்டூடியோவுக்கு ஆதரவு 2026 பிப்ரவரி 28-ஓடு முடியும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, விஎஸ் கோடு எக்ஸ்டென்ஷனுக்குப் போகச் சொன்னது. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ விண்டோஸுக்கு மட்டும். மைஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்ச் மூன்று ஓஎஸ்ஸிலும் ஓடும், ஆனால் அதன் குடும்பத்துக்கு வெளியே கால் வைக்காது, பிஜிஅட்மினும் அப்படியே. டிபீவரின் இலவசப் பதிப்பு ஜாவா டிரைவர் இருக்கிற ரிலேஷனல் டேட்டாபேஸ் எதையும் கிட்டத்தட்டத் தொடும், மாங்கோடிபி வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், திறக்கக் கொஞ்சம் நேரமாகும், ராமையும் நன்றாகவே தின்னும்.

எதை வைத்திருந்தாலும், டேபிள் அமைப்பும் முக்கியமான குவெரிகளும் அந்த டூலின் சொந்த ஃபைலுக்குள் மட்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். இருந்தால் சாதாரண எஸ்கியூஎல் ஃபைலாக ஏற்றுமதி செய்து, கோடு இருக்கும் அதே கிட் ரெப்போவில் போட்டுவிட்டு, அந்த ஃபைலிலிருந்து வெற்று டேட்டாபேஸ் ஒன்றை முழுசாகக் கட்ட முடிகிறதா என்று கமாண்ட் லைனில் ஓட்டிப் பாருங்கள்.